நீச்சல்குள பம்ப் ஒழுகினால்: வீட்டிலேயே சீல் மாற்றும் வழி

மோட்டாரும் பம்பும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு ஈரத் திட்டு. பண்ணை வீடுகளிலும் ஈசிஆர் ஓரத்து வீடுகளிலும் குளம் வைத்திருப்பவர்கள் பலர் இதைப் பார்த்தும் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். ஆக நாள் முழுக்க ஒழுகினாலும் நாலரை லிட்டரைத் தாண்டாது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள குளத்தில் வெயிலுக்கு 5 மில்லிமீட்டர் வற்றினாலே 160 லிட்டர் போய்விடுகிறது. இதில் நாலு லிட்டர் யார் கண்ணில் படும்?

ஆனால் அந்தச் சொட்டு கசியும் இடத்துக்கு விரற்கடை தூரத்தில் மோட்டாரின் முன்பக்கப் பேரிங் இருக்கிறது. குளோரின் கலந்த தண்ணீர் மோட்டாரின் சுற்றும் தண்டான ஷாஃப்ட் வழியாக அதற்குள் ஏறினால் முதலில் கிரீஸ் கெடும், பிறகு குண்டுகள் துருப்பிடிக்கும், அப்புறம் பம்ப் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். அதற்கும் மேலே விட்டால் ஈரம் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிக் காயிலுக்குப் போகும். இந்தக் கசிவைத் தடுக்க வேண்டிய சீல் என்பது கைக்குள் அடங்கும் ஒரு சாமான். அதன் விலை மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு காலைப் பொழுதில் மாற்றிவிடலாம். எனவே ஈரத்தைப் பார்த்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஒரு காரியத்தை மட்டும் செய்யவே கூடாது. மோட்டாரும் பம்பும் சேரும் கழுத்தின் அடியில் ஒரு துளையோ இடைவெளியோ இருக்கும். தண்ணீர் அங்கிருந்து சொட்டுவதைப் பார்த்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது கசியும் தண்ணீர் மோட்டார் பக்கம் போகாமல் கீழே விழுவதற்காகவே விட்ட வழி. அதை அடைத்தால் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பேரிங் ஊறிக்கொண்டிருக்கும்.

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

பம்பைக் கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் இதற்குச் செலவிடுவது வீண் போகாது. தண்ணீர் ஒரு இடத்தில் கசிந்து, உடலோடு வழிந்து, வேறு இடத்தில் சொட்டும். மேலேயுள்ள மூடியில் கசிவது கீழே கழுத்தில் வந்து விழும்.

பம்பை நிறுத்தி, பழைய துணியால் எல்லா இடத்தையும் நன்றாகத் துடையுங்கள். அடியில் உலர்ந்த அட்டையோ செய்தித்தாளோ விரியுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு நிறுத்தி இன்னொரு பத்து நிமிடம் பாருங்கள். ஓடும்போது ஒழுகுகிறதா, நின்றபின் ஒழுகுகிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

பம்பிலிருந்து ஃபில்டருக்குப் போகும் பக்கம் அழுத்தப் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது தண்ணீர் வெளியே வரும். குளத்திலிருந்து பம்புக்கு வரும் பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது பெரும்பாலும் தண்ணீர் வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்பின் கண்ணாடி மூடி வழியே பார்த்தால், குப்பையைப் பிடிக்கும் கூடைக்குள் குமிழிகள் சுழலும், குளத்துக்குத் திரும்பும் வாயிலும் குமிழி வரும். பம்ப் நின்றதும் அதே ஓட்டையில் தண்ணீர் ஒழுகும். இதில் சந்தேகம் வந்தால், ஓடும் பம்பின் மூடி ஓரத்திலும் உறிஞ்சும் பக்க யூனியனிலும் (குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பு) ஒரு ஊதுபத்தியை மெதுவாகக் காட்டுங்கள். காற்றை இழுக்கும் இடத்தில் புகை உள்ளே வளையும்.

கூடை மூடியில் கசிந்தால் உங்களுக்கு நல்ல காலம். மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்துத் துடைத்து, விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ தட்டையாக அழுந்திய தடமோ இருந்தால் புதிது போடுங்கள். நன்றாக இருந்தால் அது உட்காரும் பள்ளத்திலுள்ள மணலைத் துடைத்து, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டினால் போதும். வாசலினும் வண்டிக்குப் போடும் கிரீஸும் வேண்டாம். பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்ப் பொருள்கள் சில வகை ரப்பரை ஊதிப் பெருக்கவைக்கும்.

வடிகட்டும் திருகுமூடியில் ஒழுகினால் அதன் சின்ன ஓ-ரிங்கை மாற்றுங்கள். மரையுள்ள பிவிசி இணைப்பில் ஒழுகினால் கழற்றி, டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்றி இறுக்குங்கள். அங்கே அடிக்கடி ஒழுகினால் பம்ப் எப்போதோ புதுத் தண்ணீர் வராமல் ஓடியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பிவிசி 60 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும். உள்ளே நின்ற தண்ணீர் கொதிநிலைக்குச் சூடாகி மரைப்பகுதியைச் சுருக்கிவிட்டால் எத்தனை டேப் சுற்றினாலும் பிடிக்காது. அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

இவை எதுவும் இல்லை, கழுத்துக்கு அடியில்தான் சொட்டுகிறது, ஓடும்போது அதிகமாகிறது என்றால் குற்றவாளி மெக்கானிக்கல் சீல். இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

சீல் என்ன செய்கிறது

மோட்டார் ஷாஃப்ட் தண்ணீர் நிறைந்த பம்புக்குள் நுழைந்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைச் சுற்ற வேண்டும். சுற்றும் ஷாஃப்டைச் சுற்றி இடைவெளி இருந்தே தீரும், ஆனால் அதன் வழியே தண்ணீர் வரக் கூடாது. இதற்காக இரண்டு வளையங்களை முகத்தோடு முகம் வைத்து அழுத்துகிறார்கள். ஒன்று வெள்ளைப் பீங்கான் போல இருக்கும் செராமிக். மற்றொன்று கறுப்புக் கார்பன், பின்னால் ஸ்பிரிங்கும் ரப்பர் உறையும் இருக்கும். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். நடுவே மைக்ரான் கணக்கில் ஒரு தண்ணீர்ப் படலம் இருந்து வழவழப்பும் குளிர்ச்சியும் கொடுக்கும்.

நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த வகை மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. எட்டு மணி நேரம் ஓடினால் 13 லட்சம் சுற்றைத் தாண்டிவிடும். அத்தனை சுற்றும் அந்த இரண்டு முகங்களும் உரசாமல் காப்பது அந்தப் படலம்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே முகம் கீறும், ரப்பர் கருகும். போர்வெல் உப்புத் தண்ணீரில் நிரப்பிய குளமாக இருந்தால் சுண்ணாம்புப் படிவு முகத்தில் ஒட்டும். குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் (குளத்தின் மேல்நீரை இழுக்கும் வாய்) கூடைக்குள் போடும் பழக்கமும் கெடுதல்தான். இந்த மாத்திரைகளில் இருக்கும் டிரைகுளோரின் கரைசலுடைய பிஎச் 3-ஐ ஒட்டியது. பம்ப் நிற்கும் நேரத்தில் அந்த அமிலத் தண்ணீர் அப்படியே குழாயில் தேங்கி, ஓடத் தொடங்கியதும் நேராகச் சீல் மேல் பாயும். மாத்திரையை மிதவையில் போடுங்கள்.

வாங்க வேண்டியவை

பம்பின் பெயர்ப்பலகையைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாடல் எண் இருந்தால் அதற்கான சீல் செட் கேட்கலாம். பலகை அழிந்திருந்தால் முதலில் பம்பைத் திறந்து, பழைய சீலின் இரண்டு பாதிகளையும் கையோடு எடுத்துப் போவதே உத்தமம். ஷாஃப்ட் விட்டம், செராமிக் வளையத்தின் வெளிவிட்டம், ஸ்பிரிங் பாதியின் உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். விட்டம் மட்டும் சரியாக இருந்து உயரம் குறைந்தால் அழுத்தம் போதாமல் மறுபடி ஒழுகும். கோயம்புத்தூர் போன்ற பம்ப் ஊரில் இந்தச் சாமான் எளிதாகக் கிடைக்கும். மற்ற ஊர்களில் மோட்டார் காயில் கட்டும் கடையில் விசாரியுங்கள். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்புத்தண்ணீர்க் குளமாக இருந்தால் அதைக் கடையில் சொல்லிக் கேளுங்கள், அதற்கென்று தனி வகை சீல் உண்டு.

சீலோடு பம்ப் உடலின் பெரிய ஓ-ரிங்கையும் வாங்கிவிடுங்கள். பழையதையே மாட்டி, பூட்டிய பிறகு அங்கே ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். கருவிகள் என்று பார்த்தால் ரிங் ஸ்பேனர் செட், ஆலன் கீ, திருப்புளி, ரப்பர் சுத்தியல், வாட்டர் பேப்பர் எனப்படும் மெல்லிய உப்புத்தாள், சிலிகான் கிரீஸ், சுத்தமான துணி, செராமிக் வளையத்தின் அளவுக்கு ஒரு சின்ன பிவிசி பைப் துண்டு.

மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துதல்

குளப் பம்புகள் பெரும்பாலும் டைமரில் ஓடுபவை. டைமரில் நிறுத்தியதை நம்பிக் கை வைக்காதீர்கள், நேரம் வந்ததும் அது தானாகப் போட்டுவிடும். வீட்டின் மின்சாரப் பெட்டியான டிபி பெட்டியில் பம்புக்கான எம்சிபி சுவிட்சைக் கீழே இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு டெஸ்டரால் மோட்டாரில் மின்சாரம் இல்லை என்று பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் கெப்பாசிட்டர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஷாக் அடிக்கும். அதன் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியம் இந்த வேலையில் இல்லை, திறக்க வேண்டாம்.

இந்த ஒழுகல் தொடங்கிய பிறகு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்றால் வேலையை இங்கேயே நிறுத்துங்கள். ஈரம் காயிலுக்குப் போயிருக்கக்கூடும். அந்த மோட்டார் காயில் கடைக்குப் போய்ச் சோதித்து வர வேண்டும். ஆர்சிசிபியே இல்லாமல் குளப் பம்ப் ஓடுகிறது என்றால், சீலுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். குழந்தைகள் இறங்கும் தண்ணீரோடு சேர்ந்த மோட்டார் இது.

அடுத்து வால்வுகள். பம்ப் அறை குளத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஸ்கிம்மர், அடிவடிகால், திரும்பும் குழாய் மூன்றையும் அடைக்க வேண்டும். ஒன்றை மறந்து பம்பைத் திறந்தால் அறை நிரம்பிவிடும். ஃபில்டர் மேலுள்ள காற்றுத் திருகைத் திறந்து அழுத்தமானி பூஜ்யத்துக்கு வந்ததும், பம்பின் வடிகட்டும் திருகைக் கழற்றி உள்ளே நிற்கும் தண்ணீரை வடியுங்கள். தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு வால்வு முழுதாக அடையவில்லை.

பிரித்தல்

குழாய்களைத் தொட வேண்டியதில்லை. கூடையுள்ள முன்பகுதி குழாயோடு அப்படியே நிற்கும். மோட்டாரையும் சீல் உட்காரும் தட்டான சீல் பிளேட்டையும் முன்பகுதியோடு பிணைக்கும் போல்ட்களை மட்டும் கழற்றி, மோட்டாரைப் பின்பக்கமாக இழுத்தால் இம்பெல்லரோடு சேர்ந்து வந்துவிடும். மோட்டார் கால் தரையில் போல்ட் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். கடலோர வீடுகளில் இந்தப் போல்ட்கள் துருவேறி இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை மரைமேல் மட்டும் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், பலம் போட்டு முறுக்கினால் தலை முறிந்துவிடும்.

ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். எந்தப் பாதி எந்தப் பக்கம் இருந்தது, எந்த முகம் எதைப் பார்த்தது என்பது மாட்டும்போது கண்டிப்பாகத் தேவைப்படும். சில பம்புகளில் செராமிக் சீல் பிளேட்டில் இருக்கும், ஸ்பிரிங் பாதி இம்பெல்லர் பக்கம் இருக்கும். சிலவற்றில் நேர்மாறு. நீங்கள் எடுத்த படம்தான் உங்கள் பம்புக்குச் சரியான வழிகாட்டி.

இம்பெல்லரில்தான் புதியவர்கள் திணறுவார்கள். பல பம்புகளில் அது ஷாஃப்ட் மரையில் நேரடியாகத் திருகியிருக்கும். இம்பெல்லரைத் திருப்பினால் ஷாஃப்டும் கூடவே சுற்றும். ஆகவே மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, ஷாஃப்டின் பின்நுனியைப் பிடிக்க வேண்டும். அங்கே திருப்புளி நுழையும் வெட்டோ ஸ்பேனர் பிடிக்கும் தட்டைப் பகுதியோ இருக்கும். விசிறி இறக்கையைப் பிடிக்காதீர்கள், உடைந்துவிடும். ஒருவர் பின்னால் பிடிக்க, முன்னாலிருந்து பார்க்கையில் இடப்புறமாக இம்பெல்லரைத் திருப்பினால் கழலும்.

திருப்பும் முன் இம்பெல்லரின் நடுத்துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சில மாடல்களில் அங்கே ஒரு பூட்டுத் திருகு இருக்கும், அதற்கு இடமரை. அதாவது அதை மட்டும் வலப்புறம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் இடப்புறம் முறுக்கி இம்பெல்லரையே உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இம்பெல்லர் வந்ததும் சீல் பிளேட்டையும் எடுங்கள். ஷாஃப்டில் பிளேட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கலாம். சும்மா கிடக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஷாஃப்ட் வழியே ஊர்ந்துவரும் தண்ணீரைச் சுழற்றி எறிந்து பேரிங்கைக் காப்பது அதுதான்.

இந்த நேரத்தில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமின்றி வழுக்கிக்கொண்டு சுற்றினால் பேரிங் தப்பித்தது. கரகரவென்றோ நறநறவென்றோ இருந்தால், ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால், பேரிங்கையும் இப்போதே மாற்ற வேண்டும். ஆடும் ஷாஃப்டில் புதுச் சீல் நிலைக்காது. பேரிங் எண் அதன் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். 6203, 6204 போன்றவை எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லர் இல்லாதவர்கள் மோட்டாரைக் காயில் கடையில் கொடுத்து மாற்றி வாங்குவது நல்லது, சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்கும் கெடும்.

புதுச் சீலை உட்காரவைத்தல்

பழைய செராமிக் வளையத்தைப் பின்பக்கத்திலிருந்து தட்டி எடுங்கள். அது உட்கார்ந்திருந்த குழியை ஈரத்துணியால் துடையுங்கள். சுண்ணாம்புப் படிவு இருந்தால் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள், கத்தியால் சுரண்டினால் கீறல் விழுந்து அங்கேயே ஒழுகும். ஷாஃப்டில் சீல் தொடும் இடம் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். மேலோட்டமான துரு போய்விடும். விரல் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் ஷாஃப்டுக்கு லேத் பட்டறையில் வழி தேட வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உறையைப் பிரியுங்கள். செராமிக்கின் பளபளக்கும் முகத்தையும் கார்பன் முகத்தையும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் ஒரு மணல்துகளும் போதும், அந்த மெல்லிய படலம் சீராக உருவாகாமல் போகும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். முகங்களில் கிரீஸோ எண்ணெயோ தடவவே கூடாது. சிலிகான் கிரீஸ் ஓ-ரிங்குக்கு மட்டும்.

செராமிக்கைச் சுற்றியுள்ள ரப்பரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரை ஒரு சொட்டுத் தடவினால் வழுக்கி உள்ளே போகும். பளபளப்பான முகம் வெளியே தெரிய வேண்டும். இதைத் திருப்பி மாட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. முகத்தின்மேல் மடித்த சுத்தத் துணியையோ சீல் பெட்டியிலுள்ள அட்டை வட்டத்தையோ வைத்து, பிவிசி துண்டால் நேராக, சுற்றிலும் ஒரே அளவில் அழுத்துங்கள். இரும்பால் தட்டினால் செராமிக் விரிசல் விடும், அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கடைசியில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், கொஞ்சமும் சாய்ந்திருக்கக் கூடாது.

ஸ்பிரிங் பாதியையும் அதே சோப்புத் தண்ணீரால் நனைத்து, பழைய பாதி இருந்த இடத்தில் கார்பன் முகம் செராமிக்கைப் பார்க்கும்படி தள்ளுங்கள்.

மூடுதல்

ரப்பர் வளையத்தையும் சீல் பிளேட்டையும் ஷாஃப்டில் ஏற்றி, இம்பெல்லரைக் கையால் இறுகும்வரை திருகுங்கள். ஸ்பேனர் போட வேண்டாம், ஓடும் திசையே அதை இறுக்கிக்கொள்ளும். பூட்டுத் திருகு இருந்தால் மறக்காமல் போடுங்கள். பெரிய ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவி, முறுக்கு விழாமல் பள்ளத்தில் உட்காரவைத்து, மோட்டாரை முன்பகுதியோடு சேருங்கள். போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உடல் பிளாஸ்டிக், இரும்புக்குக் கொடுக்கும் பலம் வேண்டாம். பின்னாலிருந்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும்.

மோட்டாரைத் தூக்க வயர்களைக் கழற்றியிருந்தால் எர்த் வயரை முதலில் மாட்டுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினாலும் அது தலைகீழாகச் சுற்றும், திருகி மாட்டிய இம்பெல்லர் கழன்றுவரும். கழற்றும்போதே டேப் ஒட்டி எண் போட்டுவிடுவது நல்லது.

ஓட்டிப் பார்த்தல்

“மோட்டார் ஓடுகிறதா என்று சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்” என்று தோன்றும். தண்ணீர் இல்லாமல் ஒரு நொடியும் போடாதீர்கள். வடிகட்டும் திருகை மாட்டி, கூடையில் தண்ணீரை நிரம்ப ஊற்றி, மூடியை இறுக்கி, வால்வுகள் எல்லாவற்றையும் திறந்த பிறகுதான் எம்சிபியைத் தூக்க வேண்டும். ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது திருப்பக் கூடாது, முன்பே ஃபில்டர் நிலையில் வையுங்கள். ஃபில்டரின் காற்றுத் திருகு திறந்தே இருக்கட்டும். போடும்போது ஃபில்டர்மேல் குனிந்து நிற்காதீர்கள். அதிலிருந்து காற்று போய்த் தண்ணீர் சீராக வந்ததும் மூடுங்கள். சில நிமிடத்தில் கூடை நிரம்பாவிட்டால் நிறுத்தி, மறுபடி தண்ணீர் ஊற்றித் தொடங்குங்கள். அப்படியும் காற்றுப் பிடித்துக்கொண்டால் மூடி ஓ-ரிங்கைப் பாருங்கள்.

புதுச் சீல் படிந்து உட்காரும்வரை முதலில் ஓரிரு சொட்டு வரலாம். அன்றே நின்றுவிடும். மறுநாளும் சொட்டினால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: செராமிக் திரும்பியோ சாய்ந்தோ உட்கார்ந்திருக்கிறது, முகத்தில் கீறலோ விரலடையாளமோ இருக்கிறது, அல்லது சீலின் உயரம் இந்தப் பம்புக்குப் பொருந்தவில்லை. முதல் இரண்டையும் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டும் சரியாக இருந்தால் பழைய சீலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உயரத்தை அளந்து பாருங்கள். பழையதை அதுவரை குப்பையில் போடாமல் வைத்திருங்கள். பொருந்திய சீலின் எண்ணையும் மாற்றிய தேதியையும் பம்ப் அறைச் சுவரில் அழியாத பேனாவால் எழுதி வைத்துவிட்டால் அடுத்த தடவை கடையில் அளவுக்கு அலைய வேண்டியதில்லை.